கொடிவழியும் குலச்செருக்கும்

'நதிமூலமும் ரிஷிமூலமும் காணலாகாது' என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பேராற்றின் தலைப்பைத் தேடி மலையேறினால் அங்கே ஒரு சிறு சுனையும் சிறிது சேறுமே காணக் கிடைக்கும். முனிவர் ஒருவரின் பிறப்பைத் துருவிச் சென்றால் உலகம் தாழ்வென்று ஒதுக்கிய ஒரு குடிலின் வாயிலில் போய் நிற்க நேரும். பெருமைக்கு ஊறு நேருமென்று அஞ்சித் 'தேடாதே' என்றனர். உண்மையை மூடிவைத்து உயர்வைக் காக்கும் இவ்வறிவுரையை இன்று எவரும் கேட்பதாக இல்லை. கைப்பேசி வைத்திருப்போரெல்லாம் தத்தம் மூலத்தைத் தேடிப் புறப்பட்டுவிட்டனர்.

இத்தேட்டத்திற்குத் துணையாக இணையத்தில் பெரும் நிறுவனங்கள் பல தோன்றியுள்ளன. அமெரிக்க நாட்டின் யூட்டாவில் மார்மன் திருச்சபையார் 1894இல் தொடங்கிய கொடிவழிக் கழகம், 1938 முதல் உலகின் பல நாட்டுப் பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் எடுத்துச் சேர்த்தது. இன்று 'ஃபேமிலி சர்ச்' என்னும் பெயரில் அவற்றைக் கட்டணமின்றி வழங்குகிறது. அரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்திரிகர் குடிவழிச் சுவடிகளும் அப்படச் சுருள்களில் இடம்பெற்றுள்ளன. 'ஆன்செஸ்ட்ரி', இசுரேல் நாட்டில் 2003இல் தோன்றிய 'மைஹெரிடேஜ்', 2012இல் அதனோடு சேர்ந்த 'ஜெனி' ஆகியன வணிக நிறுவனங்கள். ஒருவர் தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் பாட்டன் பாட்டியர் பெயரையும் பதிந்தால், கணிப்பொறி அவற்றைப் பிறர் பதிந்தவற்றோடு ஒப்பிட்டு, 'இவர் உம் உறவினர் ஆகலாம்' என்று கடலுக்கு அப்பால் வாழும் ஒருவரைக் காட்டுகிறது. கண்டறியாத ஒருவரைக் கேளிராகக் காட்டும் இவ்விந்தை நெஞ்சை ஈர்ப்பதில் வியப்பில்லை.

நம் சங்கத்து அன்பர்களிடையேயும் இவ்வார்வம் பரவியிருப்பதை மகிழ்ச்சியோடு காண்கிறோம், கவலையோடும் காண்கிறோம். கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கொடிவழிகளைத் தொகுக்க வேண்டும் என்கின்றனர் சிலர், நன்று. அதனைக் குலவாரியாகப் பிரித்துத் தொகுக்க வேண்டும், ஒவ்வொரு குலத்தின் 'கலப்பில்லாத வழி'யையும் நிலைநாட்ட வேண்டும் என்கின்றனர் அவர்களுள் வேறு சிலர், இது நன்றன்று. முன்னதை வரவேற்கவும் பின்னதை மறுக்கவுமே இக்கட்டுரையை எழுதுகிறோம். உறவைத் தேட இக்கருவிகளைக் கைக்கொள்வோம். உயர்வைத் தேடக் கைக்கொள்ளோம். இதுவே நம் கருத்து.

கருவி செய்யும் நன்மை

கருவியைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் பீசித் தீவுக்கும் நம் நாட்டு மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டனர். சென்னையில் புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 முடிய நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,000க்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறையில் கப்பலேறியவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. அவ்வெண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் காணும் தழும்பு வரை எழுதிவைத்தனர் வெள்ளைக்கார எழுத்தர். ஆளை அடையாளம் காணவும், ஓடிப் போனால் பிடிக்கவும் எழுதிய ஏடு அது.

அதே ஏடு இன்று கணிப்பொறியில் ஏறி, நான்காம் தலைமுறைப் பேரனுக்கு ஊர்ப்பெயரைத் திருப்பித் தருகிறது. கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். தமிழ் பேசத் தெரியாத அப்பேரன், எழுத்துத் திரிந்த ஓர் ஊர்ப்பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆர்க்காட்டுப் பக்கம் வந்து நிற்கும்போது, நூற்றைம்பது ஆண்டுப் பிரிவு ஒரு கணம் குறுகிவிடுகிறது. இந்நன்மையை எவர் மறுக்க வல்லார்?

ஆயினும் அவ்வேட்டின் 'சாதி' என்னும் கட்டத்தைச் சற்றே உற்று நோக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். கப்பலேறும் வேளையில் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர் பலர் என்பர் வரலாற்றாசிரியர். ஊரில் தெருவுக்குள் நுழையும் உரிமை அற்றிருந்த ஒருவர், எழுத்தர் முன் நின்று வேறொரு சாதியைச் சொன்னார், எழுத்தரும் எழுதிக்கொண்டார். ஒரு சொல்லால் பல நூற்றாண்டு இழிவிலிருந்து அம்மனிதர் தப்பினார். இன்று நாம் நுண்படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, 'உம் மூதாதை உண்மையில் இன்ன சாதியர்' என்று அவர் கொள்ளுப்பேரனை மீண்டும் பழைய கட்டுக்குள் அடைப்போமாயின், அது ஆராய்ச்சியாகுமா? தப்பியவரைப் பிடித்துக் கொடுக்கும் ஒற்றர் தொழில் ஆகும்.

மட்டாஞ்சேரி புகட்டும் பாடம்

பிறப்பைக் கொண்டு மக்களைப் பிரித்தால் என்ன விளையும் என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் மட்டாஞ்சேரியே போதும். போர்த்துக்கீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக்கொடுத்து, ஒல்லாந்தர் செப்பனிட்ட கொச்சி மன்னர் அரண்மனையும், 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடமும், கோவாவிலிருந்து வந்த கொங்கணியர் போற்றும் திருமலைத் தேவசுவமும், குசராத்தியர் தெருவின் சமணக் கோயிலும், 1653 சனவரி 3ஆம் நாள் கிறித்தவர் கயிற்றைப் பற்றி உறுதி பூண்ட கூனன் குரிசும் ஒருவர் காலாற நடந்து காணத்தக்க இடைவெளிக்குள் அமைந்துள்ளன. இவ்வூரில் வந்தேறி அல்லாதார் எவர்? எவர் முன்னே வந்தார், எவர் பின்னே வந்தார் என்பதே வேறுபாடு.

இவ்வூர் யூதர் வரலாறு நம் வழக்குக்குச் சிறந்த சான்று. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேரமன்னன் பாற்கர இரவி, ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணப் பேற்றையும் எழுபத்திரண்டு வீட்டுப்பேறுகளையும் வழங்கிச் செப்பேடு பொறித்தான். வட்டெழுத்தில், கிரந்த எழுத்துகள் விரவ, அந்நாளைய சேரநாட்டுத் தமிழில் அமைந்தது அச்செப்பேடு. மலையாள நாட்டு யூதரும், 1492இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்டோர் முதலாகப் பின்னர் வந்து சேர்ந்த பரதேசி யூதரும், அச்செப்பேட்டைத் தத்தம் முன்னோரின் உரிமை என்றே கொண்டாடினர். ஒரே மறையை ஓதுவோர், ஒரே தெருவில் வாழ்வோர், ஒரே செப்பேட்டை உரிமை கொண்டாடுவோர், 'வெள்ளையர்' என்றும் 'கறுப்பர்' என்றும் பிரிந்து, ஒருவர்க்கொருவர் பெண் கொடாமல் வாழ்ந்தனர். பிரித்தது எது? எம் கொடிவழி தூயது என்னும் எண்ணமே.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. பரதேசி யூதர் இல்லங்களில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினர், அதே சமயத்தினராய் அதே முறைப்படி வழிபட்டும், தொழுகைக் கூடத்தில் சமவுரிமை பெறவில்லை. முன்கூடத்திலும் தரையிலும் அமர்ந்தே இறைவனைத் தொழுதனர். அவ்வழியில் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967) என்னும் வழக்கறிஞர், கொச்சிச் சட்டமன்ற உறுப்பினராக விளங்கியவர், 1929ஆம் ஆண்டு இலாகூர்க் காங்கிரசு மாநாட்டில் கலந்துகொண்டவர், காந்தியடிகளின் அறவழியைத் தம் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே கொண்டு சென்றார். 'யூதக் காந்தி' என்று அவரை உலகம் அழைத்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே தடைகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. அவருடைய மகன் 1950இல் வெள்ளை யூதர் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது எழுந்த சினமும் சிறியதன்று. அதற்குச் சில ஆண்டுகளில் மலையாள யூதருள் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பரதேசி யூதரும் ஒருவர் பின் ஒருவராகக் குறைந்தனர். யார் தூயவர் என்னும் வழக்கு முடிவதற்குள் வழக்காடிய ஊரே வெறிச்சோடிவிட்டது.

அறிவியல் அவ்வழக்குக்குக் கூறிய விடையும் நம்மவர் அறியத்தக்கது. 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, கொச்சி யூதர் உள்ளிட்ட இந்திய யூதரிடம் மேலையாசிய மரபும் இம்மண்ணின் மரபும் விரவிக் கிடப்பதைக் காட்டியது. கலப்பற்ற கொடி ஒன்று மட்டாஞ்சேரியில் படர்ந்ததே இல்லை.

யூதத் தெருவில் பூத்தையல் கடை நடத்திவந்த சாரா கோகன் அம்மையார் 2019 ஆகத்து மாதம் தம் 96ஆம் அகவையில் மறைந்தார். மக்கட்பேறு இல்லாத அவரை இறுதி வரை தாயெனப் பேணிக் காத்தது ஓர் இசுலாமியக் குடும்பம். அவர் விரும்பியவாறே கடையையும் அக்குடும்பத்தினரே தொடர்ந்து நடத்தினர். கொடிவழிக் கருவியில் அம்மையார் பெயருக்குக் கீழே கிளை இராது, வெற்றிடமே இருக்கும். கருவி வெற்றிடம் காட்டும் இடத்தில் மட்டாஞ்சேரி ஒரு மகனைக் கண்டது. எது உண்மையான கொடிவழி என்பதை அன்பர்களே தீர்ப்பளிக்கட்டும்.

ஏட்டில் ஏறியவரும் ஏறாதவரும்

கொடிவழிக் கருவி தானாக எதையும் அறியாது. ஏட்டில் உள்ளதையே அது காட்டும். ஏட்டை எழுதியவர் யார், எவருக்காக எழுதினார் என்று கேளாமல் அதன் விடையை நம்புவது பேதைமை.

ஒல்லாந்தர் 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டனர். அவர் எழுதிவைத்த கொச்சி ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொகுதி தொகுதியாக உள்ளன. ஒல்லாந்தக் கும்பினியின் பெருவணிகராக விளங்கி, 1760இல் தொழுகைக் கூடத்து மணிக்கூண்டை எழுப்பிய எசெக்கியேல் இராகபியின் (1694-1771) குடும்பத்தைத் தேடுவோர்க்கு அக்கால ஆவணங்கள் கை நிறையச் செய்தி தரும். அவர் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரைத் தேடுவோர்க்கு ஒரு வரியும் கிடைத்தல் அரிது.

ஏழைக்கு ஏட்டில் இடம் கிடைத்த இடமும் ஒன்றுண்டு. அது விற்பனைப் பத்திரம். கொச்சியில் மனிதரை விற்று வாங்கியதற்கு ஒல்லாந்தர் முறையாக ஆவணம் எழுதினர். விற்கப்பட்டவருள் பலர் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரை கொண்டு செல்லப்பட்டனர். அங்குள்ள ஏடுகளில் அவர்கள் 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்' என்று தாம் பிடிபட்ட கரையின் பெயரால் குறிக்கப்பட்டனர். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கரையின் பெயர்! இன்று கேப் நகரத்தார் பலர் இணையக் கருவிகளில் தம் மூலத்தைத் தேடி இக்கரைப் பெயர் வரை வந்து, அதற்கு மேல் செல்ல வழியின்றி நிற்கின்றனர். கொச்சி அரசு அடிமை முறையை ஒழித்தது 1854இல். அதற்கு முன் வாழ்ந்த அடிமைக் குடிகளுக்குக் கொடிவழி எங்கே? அவர் உரிமையைப் பறித்தவர் அவர் பெயரையும் பறித்தனர். குலப்பெருமை பேசுவோர் காட்டும் நீண்ட கொடிவழி, ஒருவகையில் முன்னோர் பெற்றிருந்த வசதிக்குச் சான்றே அன்றி அவர் மேன்மைக்குச் சான்று ஆகாது.

நம் தமிழ் மக்களையே எடுத்துக்கொள்வோம். மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சி வெளியில் தோபிகானா உள்ளது. ஒல்லாந்தர் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வந்த குடும்பங்களின் வழியினர் தாம் என்பது அங்குள்ள வண்ணார் குடும்பங்களில் வழங்கிவரும் செய்தி. குளக்கரையிலும் வெளியிடத்திலும் வெளுத்துவந்த அவர்களுக்கு 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் இன்றைய கட்டடத்தைக் கட்டிக்கொடுத்தது. வண்ணார் சங்கம் அதனை நடத்திவருகிறது. தலைமுறை தலைமுறையாக இவ்வூரின் அழுக்கைக் களைந்தும் தமிழை மறவாத குடும்பங்கள் அவை. நம் மலர்களில் புலவர் பரம்பரைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியுள்ளோம்; வணிகப் பெருமக்களின் படங்களை அச்சிட்டுள்ளோம். தோபிகானாவில் கல்லில் துணி அறைந்த ஒரு பாட்டியின் பெயரை எம்மலரிலேனும் பொறித்துள்ளோமா? கொடிவழித் தொகுப்பு என்று ஒன்று தொடங்குமாயின் அது அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

படிவத்தில் அடங்காத உறவு

இக்கருவிகளின் அமைப்பே நம் மரபுக்குப் பொருந்தாதது என்பதையும் எடுத்துரைப்போம். கருவி கேட்கும் முதற் கேள்வி 'குடும்பப் பெயர் யாது?' என்பது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முன்னே இடுகிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே 'பெயரன்' என்கிறோம். ஒரு குடும்பத்தில் முத்துசாமியின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகன் முத்துசாமி என்று மாறி மாறி வரும். இதனை அறியாத கணிப்பொறி ஒரே குடும்பத்தை நான்காகப் பிரிக்கிறது. வெவ்வேறு முத்துசாமிகளை ஒருவராகவும் ஒட்டிவிடுகிறது. இவ்விடர் தீர, சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராக இடத் தொடங்கிவிட்டனர் நம்மவர் சிலர். எத்தனையோ பெரியோர் பாடுபட்டுப் பெயரிலிருந்து அகற்றிய சாதிவாலை, ஒரு படிவத்தின் வெற்றிடத்தை நிரப்புவதற்காக மீண்டும் ஒட்டிக்கொள்வதா?

உறவுச் சொற்களின் நிலையும் அதுவே. பெரியப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ஆங்கிலக் கருவிக்கு ஒருவரே, 'அங்கிள்'. பங்காளியும் மைத்துனனும் ஒருவரே, 'கசின்'. யாரை மணக்கலாம், யார் உடன்பிறப்பு முறை என்று நுண்ணிதின் வகுத்த மொழிக்கு இது எத்துணைப் பெரிய இழப்பு!

தாய்வழியோ முற்றும் மறைந்துபோகிறது. நாம் வாழும் இக்கேரள மண்ணில் கொச்சி மன்னர் குடும்பமும் மருமக்கள்தாய முறையில் தாய்வழியே கொடிவழியைக் கணக்கிட்டது. உடன்பிறந்தாள் மகனே பட்டத்துக்கு உரியவன். 1938இல் கொச்சியில் மருமக்கள்தாயச் சட்டம் அம்முறையைத் திருத்தியது. 1975இல் இயற்றப்பட்ட கேரளச் சட்டம் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கியது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட யூதச் செப்பேடும், ஈசுப்பு இரப்பானின் ஆண்மக்களோடு பெண்மக்களையும் மருமக்களையும் பேற்றுக்கு உரியோராக எண்ணியது. அத்தகைய மண்ணில் வாழ்ந்துகொண்டு, 'பாட்டியின் தாய் பெயர் என்ன?' என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? தந்தைவழியில் ஏழு தலைமுறை ஒப்பிப்பவரும் தாய்வழியில் இரண்டாம் தலைமுறைக்கு அப்பால் வாய் அடைத்து நிற்கின்றனர். பெண்ணை விட்டுவிட்டு எழுதப்படும் கொடிவழி பாதி பொய்.

கணக்கு கூறும் உண்மை

மன்னரையும் முனிவரையும் மூதாதையாகக் காட்டும் வேட்கை புதிதன்று. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைக் கதிரவனிடமிருந்து தொடங்குகிறது. கம்பர் காப்பியத்தில் குலமுறை கிளத்துவதற்கென்றே ஒரு படலம் உண்டு. முதல் நூற்றாண்டில் தோமா அடிகளால் மனந்திரும்பிய நம்பூதிரியரின் வழியினர் யாம் என்று எழுதும் குடும்ப வரலாற்று நூல்கள் கேரளத்துச் சிரியக் கிறித்தவரிடையே பலவுண்டு. அக்காலத்தில் இங்கு நம்பூதிரியர் இருந்தனரா என்றே ஐயுறுவர் வரலாற்றாசிரியர். சோழன் செப்பேடு கொண்டு கதிரவன் வரை சென்றான்; நம் காலத்து அன்பர் கணிப்பொறி கொண்டு சோழன் வரை செல்கிறார்.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர்க்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பத்துத் தலைமுறைக்கு மேலே 1,024 பேர். இருபதாம் தலைமுறையில் பத்து இலட்சத்துக்கும் மேல். முப்பதாம் தலைமுறையில் நூற்றேழு கோடிக்கும் மேல். முப்பது தலைமுறை என்பது ஏறத்தாழச் சோழர் காலம். அன்று உலகிலேயே அத்தனை கோடி மக்கள் இலர். ஆகவே ஒருவரே பல வழிகளில் மூதாதையாக வந்திருத்தல் வேண்டும். எல்லார் கொடிகளும் ஒன்றோடொன்று பின்னியிருத்தல் வேண்டும். இராசராசன் நமக்கு மூதாதையாயின், அவன் பல்லக்கைச் சுமந்தவரும் நமக்கு மூதாதையரே. ஒருவரை மட்டும் பொறுக்கியெடுத்து மற்றோரை மறைப்பது எந்த அறம்?

ஐதராபாத்து மூலக்கூற்று உயிரியல் ஆய்வு மையத்தாரும் அயல்நாட்டு அறிஞரும் இணைந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்பு வரை இந்திய மக்கட் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன என்றும், பின்னரே தம்முள் மட்டும் மணம் செய்யும் வழக்கம் இறுகியது என்றும் கூறுகிறது. 'கலப்பில்லாத வழி' தேடுவோர் எந்த வழியே சென்றாலும் கலப்பிலேயே போய் நிற்பர்.

குருதியை விலைக்குக் கொடுத்தல்

பெயர்ப் பட்டியலோடு நில்லாமல், உமிழ்நீரை ஒரு குப்பியில் இட்டு அனுப்பினால் மரபணுவை ஆராய்ந்து உறவினரைக் காட்டுவதாகவும் நிறுவனங்கள் அழைக்கின்றன. அன்பர்கள் இதில் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். '23 அண்டு மீ' என்னும் அமெரிக்க நிறுவனத்தில் 2023இல் நிகழ்ந்ததை நினைவூட்டுகிறோம். திருடர் நேரே புகுந்தது ஏறத்தாழ 14,000 பேரின் கணக்குகளில். ஆனால் உறவினரைக் காட்டும் வசதியின் வாயிலாக 69 இலட்சம் பேரின் செய்திகள் வெளியேறின. ஒரு வீட்டுக் கதவைத் திறந்து வைத்தமையால் ஊரார் வீடெல்லாம் கொள்ளை போயிற்று. அதனினும் நெஞ்சை நடுக்குவது, யூத மரபினர் என்றும் சீன மரபினர் என்றும் தனித்தனியே பட்டியலிட்டு அவற்றை விலை கூறினர் என்பது. இனத்தின் பெயரால் பட்டியல் எழுதியதன் விளைவை இருபதாம் நூற்றாண்டில் உலகம் கண்டது. அந்நிறுவனமும் 2025 மார்ச்சில் நொடித்துப்போய், ஒன்றரைக் கோடி மக்களின் மரபணுச் செய்தியோடு ஏலத்துக்கு வந்தது. அதனைத் தோற்றுவித்தவரே பின்னர் ஓர் அறநிறுவனத்தின் பெயரால் வாங்கிக்கொண்டார். வேறொருவர் வாங்கியிருந்தால் யாது ஆகியிருக்கும்?

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணந்துவந்த நம் குடும்பங்களில், ஒரே முன்னோரின் மரபணு பல வழிகளில் வந்து சேரும். தொலைவிலுள்ள உறவையும் அண்மை உறவு என்று இவ்வாய்வு காட்டிவிடக்கூடும். நம் குருதி நமக்கு மட்டும் உரியதன்று. உடன்பிறந்தாருக்கும் பிறக்கப்போகும் பேரர்க்கும் உரியது. அவர் இசைவின்றி அதை அயலாரிடம் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

நாம் செய்யத் தக்கது

'இத்தனை இடையூறு உள்ளதாயின் தேடலையே கைவிடலாமே' என்று வினவுவாரும் உளர். கைவிடலாகாது என்பதே நம் மறுமொழி. நாம் வாளாவிருந்தால் குலச்செருக்கு உடையோர் மட்டுமே எழுதுவர். அவர் எழுதியதே வரலாறாக நிலைக்கும். மூத்தோர் ஒருவர் மறையும்தோறும் இருபது முப்பது பெயர்கள் அவரோடு எரிந்துபோகின்றன. அயல்நாட்டிலிருந்து தேடிவரும் பேரனுக்கு 'ஆம், எங்கள் பெரியவர் சொல்லியிருக்கிறார்' என்று விடை கூற ஒருவர் இவ்விடம் இருத்தல் வேண்டும்.

'முன்னோர் பெருமையைப் பேசுவதில் தவறென்ன? அது இளைஞர்க்கு ஊக்கம் ஆகாதோ?' என்று கேட்பாரும் உண்டு. உழைத்து உயர்ந்த பாட்டனைப் பேசுக. படியாத போதும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பாட்டியைப் பேசுக. அப்பெருமை அயலானைத் தாழ்த்தாது. பிறப்பினால் யாம் மேலோர் என்னும் பேச்சோ, அயலானைத் தாழ்த்தியன்றி நில்லாது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

ஆகவே நம் சங்கம் இப்பணியை மேற்கொள்ளுமாயின் சில நெறிகளை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். குடும்பங்களைத் தெருவாரியாகவும் வந்த ஊர்வாரியாகவும் தொகுப்போம். சாதிக்குக் கட்டமே வேண்டா. தந்தைவழிக்கு எத்தனை வரி உண்டோ தாய்வழிக்கும் அத்தனை வரி ஒதுக்குவோம். பெயரையும் ஊரையும் உறவுமுறையையும் தமிழ் எழுத்தில் முதலில் எழுதி, அதன் பின்னரே இணையத்தில் ஏற்றுவோம். வாழ்வோரின் பிறந்தநாளையும் முகவரியையும் பொதுவில் வைக்கமாட்டோம். குருதியையும் உமிழ்நீரையும் எவர்க்கும் அனுப்பமாட்டோம். வளர்த்தவர், அடைக்கலம் தந்தவர், பிள்ளைபோல் பேணிய அண்டை வீட்டார் ஆகியோருக்கும் கொடியில் இடம் தருவோம். நிறுவனங்கள் இன்று தோன்றி நாளை மறையும். ஆதலின் தாளில் ஒரு படியைச் சங்க நூலகத்தில் வைப்போம்.

குலவாரிக் கொடிவழி மலர் வேண்டும் என்னும் கருத்து சங்கத்தின் பொதுக்குழு முன் வருமாயின் அதனை மறுத்தே வாக்களிப்போம் என்பதை இப்போதே அறிவித்துக்கொள்கிறோம். 'கிளை' என்னும் நம் தமிழ்ச்சொல் மரத்தின் கொம்பையும் குறிக்கும், சுற்றத்தையும் குறிக்கும். பரந்து நிழல் தருவதே கிளைக்கு அழகு. அதனை வெட்டி வேலிக்கு முள்ளாக்க முனைவோர்க்கு இச்சங்கம் அரிவாள் எடுத்துக் கொடாது. விடுமுறையில் ஊர் திரும்பும் இளைஞர்கள் இம்முறை ஒரு குறிப்பேட்டோடு வரட்டும். முதற் பக்கத்தில் தம் பாட்டியின் தாய் பெயரைக் கேட்டு எழுதட்டும்.